அரைக் கட்டை ஏறிய மார்வா

என் அண்ணன் என் பாட்டைக் கெடுத்தது கெட்ட எண்ணத்தில் அல்ல, பாசத்தில். அதனால்தான் கோபம் ஆறவே இல்லை. கெட்ட எண்ணத்தில் செய்தவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடலாம். பாசத்தில் செய்தவனோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறது.

அண்ணனுக்குத் தெருவில் பெயர் மைக்செட். ஒலிபெருக்கி வாடகைக் கடை வைத்திருக்கிறான். வீட்டில் ஒருத்தர்தான் மேலே படிக்க முடியும் என்றிருந்தபோது, "அவ படிக்கட்டும், எனக்கு மண்டையில ஏறாது" என்று அவனே ஒதுங்கிக்கொண்டான். மண்டையில் ஏறாது என்பது சுத்தப் பொய். பிரித்துப்போட்ட ஆம்ப்ளிபயரைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறவன் அவன்.

அப்படிக் கல்லூரிக்குப் போன நான் எடுத்தது ஹிந்துஸ்தானி வாய்ப்பாட்டு. சின்ன வயதிலிருந்தே கனவு, தாகம் என்றெல்லாம் கதை விட மாட்டேன். அந்தப் பிரிவில்தான் இடம் காலியாக இருந்தது. சேர்ந்த பிறகுதான் பிடித்துக்கொண்டது, பேய் பிடிக்கிற மாதிரி. வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் அப்பாவோ பெரியப்பாவோ பாடகர்கள். "எங்க வீட்ல இந்த ராகத்தை இப்படித்தான் எடுப்பாங்க" என்பார்கள். "எங்க வீட்ல இந்த ராகத்தை எடுக்கவே மாட்டாங்க" என்பேன் நான். மூன்று வருடமும் அவர்களுடைய வாசலில் நின்றுகொண்டே படித்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

பட்டம் வாங்கியதில் வீட்டில் எனக்குக் கிடைத்தது ஒரு புதுப் பெயர். "பட்டதாரி, தண்ணி வருது பாரு, குடத்தை வை" என்பார் அம்மா. வேலை கூரியர் கம்பெனியில், புகார் கேட்கிற பிரிவில். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாருடைய பார்சலோ வரவில்லை என்பதற்காக நாள் முழுக்கத் திட்டு வாங்க வேண்டும். திருப்பித் திட்டக் கூடாது. என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

அந்த நேரத்தில்தான் இசைப் பள்ளியில் வாய்ப்பாட்டு ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. ஒரே ஒரு இடம். ஒரு ராகத்தை விரிவாகப் பாடிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பதிவில் பெயர் கூடாது, எண் மட்டும்தான். யார் மகள், யார் வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. எனக்கென்றே வைத்த மாதிரி ஒரு விதி. அந்த வேலை கிடைக்காவிட்டால் ஹெட்போனும் பார்சலும்தான் ஆயுசுக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் எடுத்துக்கொண்ட ராகம் மார்வா. சூரியன் மறைகிற நேரத்து ராகம். ஆறே ஸ்வரங்கள், பஞ்சமம் கிடையாது. இதே ஆறு ஸ்வரங்களை வைத்துக்கொண்டு பூரியா என்று ஒரு ராகம் இருக்கிறது, ஸோஹனி என்று இன்னொன்று இருக்கிறது. கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்களுக்கு ஹம்ஸானந்தி என்றால் புரியும். ஆறு பேரும் அதே ஆறு பேர்தான். யார் வீட்டில் கூடி உட்காருகிறார்கள் என்பதில்தான் ராகம் மாறுகிறது. பூரியா காந்தாரத்திலும் நிஷாதத்திலும் உட்காரும். ஸோஹனி மேல் மாடிக்கு ஓடிவிடும். மார்வா கோமள ரிஷபத்திலும் தைவதத்திலும் போய் நிற்கும். உட்காராது, நிற்கும்.

எந்த ராகத்துக்கும் ஸட்ஜம்தான் வீடு. ஸாவுக்கு வந்தால் மூச்சு விடலாம். மார்வா அந்த வீட்டுக்குள் போகாமலேயே சுற்றி வரும். நிஷாதம் வரை வந்து, ஸாவைத் தாண்டிக் குதித்து ரிஷபத்தில் நிற்கும். இந்த ரிஷபமும் ஸாவும் அடுத்தடுத்த வீடு, நடுவில் அரைக் கட்டை தூரம்தான். கட்டை என்பது சுருதியின் உயரம். தம்புரா ஸாவை மீட்டிக்கொண்டிருக்க, குரல் ரியில் நின்றால் இரண்டும் உரசும். அந்த உரசல்தான் மார்வாவுக்கு உயிர். எப்போதாவது ஒரு தடவை, போகிறபோக்கில், ஸாவைத் தொட வேண்டும். அடிக்கடி தொட்டால் ராகம் செத்தது.

"வேற நல்ல ராகமே கிடைக்கலையா உனக்கு?" என்றான் அண்ணன். "இதைக் கேட்டா தலைவலி வருது."

"தலைவலி வந்தா சரியாப் பாடறேன்னு அர்த்தம்."

"நல்ல வேளை, நீ டாக்டருக்குப் படிக்கல."

பதிவு அவன் கடையில்தான். கூரை வரை அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகள், ஈயம் பற்றவைத்த வாசனை, சுவரெல்லாம் பழைய போர்வைகள். பக்கத்தில் பஞ்சர் கடை. காற்றடிக்கிற கம்ப்ரஸர் நின்ற நேரம் பார்த்துப் பாட வேண்டும். கடையில் இருந்த பெட்டித் தம்புராவில் கரண்ட் இரைச்சல் வந்தது.

"உன் போன்ல இருக்கற தம்புராவைக் காதுல மாட்டிக்க. நான் குரலை மட்டும் சுத்தமா எடுக்கறேன். பெட்டியைச் சரி பண்ணி அப்புறமா அடியில சேத்துடறேன்" என்றான்.

"ஐந்தரைக் கட்டை. பஞ்சமம் வேண்டாம். மறந்துடாதே."

"போம்மா. உனக்கு சுருதி பெட்டி வாங்கிக் குடுத்ததே நான்தான்."

கம்ப்ரஸரும் எனக்கு ஒத்துழைத்தது. ஒரே மூச்சில் பாடி முடித்தேன்.

"கேக்கறியா?"

"வேண்டாம். கேட்டா இன்னொரு தடவை பாடுவேன். அப்புறம் இன்னொரு தடவை. அனுப்பவே மாட்டேன்."

"அது எனக்குத் தெரியும். ஷிப்டுக்குக் கிளம்பு, நான் பாத்துக்கறேன்."

நான் ஆபீஸில் யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் பார்த்துக்கொண்டான். என்ன செய்தான் என்பது இப்போது எனக்கு அத்துப்படி. பெட்டியை ஐந்தரையில் வைத்து என் குரலுக்கு அடியில் ஓடவிட்டிருக்கிறான். உரசியிருக்கிறது. என் அண்ணன் தொழிலில் உரசினால் எங்கோ பழுது என்று பொருள். இவள் எங்கே அதிக நேரம் நிற்கிறாள் என்று காதால் தேடியிருக்கிறான். நான்தான் ரியை விட்டு நகரவே மாட்டேனே. பெட்டியின் திருகை மெல்லத் திருப்பி அங்கே கொண்டுபோய் வைத்தான். ஆறு கட்டை. உரசல் காணாமல் போனது. 'பயத்துல அரைக் கட்டை ஏத்திப் பாடிட்டா, பாவம்' என்று நினைத்துக்கொண்டான். பஞ்சமத்துக்குப் பதிலாக மத்யமத்தை வைத்துப் பார்த்தான், அதுவும் ஜம்மென்று உட்கார்ந்தது.

ஆனால் நாலு இடத்தில் மட்டும் நான் சறுக்கினேன். அதாவது, அவன் காதுக்கு. ரி ஸாவாகிவிட்ட பிறகு, என்னுடைய உண்மையான ஸா அரைக் கட்டை கீழே கிடந்து, தங்கச்சி தப்பாகப் பாடிவிட்டாள் என்று கத்தியிருக்கிறது. என் அண்ணன் என்ன செய்வான்? கம்ப்யூட்டரில் அந்த நாலு இடத்தையும் பிடித்து, அரைக் கட்டை தூக்கி, நேராக்கி வைத்தான். என்னிடம் சொன்னால் மனசு கஷ்டப்படுமே என்று சொல்லவில்லை. அனுப்பிவிட்டான்.

நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது அம்மா அழுதார். அண்ணன் அழாமல், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அப்போது சொல்லாததையெல்லாம் சொன்னான். அன்றைக்குக் காலையில் ஸ்பீக்கர் ஏற்றிய வண்டியிலேயே கூட்டிப்போனான்.

"டயத்துக்குப் போய்ச் சேருவோமா?"

"முன்னாடி லாரி நிக்குது, பறக்கவா சொல்ற? உள்ள போய் வாயைக் கொஞ்சம் அடக்கிப் பேசு. யார்கிட்டயும் சண்டைக்கு நிக்காதே."

"நான் எங்கே சண்டை போடறேன்?"

"அதானே. ஊரே உன்கிட்ட வந்து வம்புக்கு நிக்குது."

உள்ளே இரண்டு பேர். பள்ளியின் தலைவர், வழுக்கையும் சிரிப்புமாக ஒரு மனிதர். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு மேடம், வாய்ப்பாட்டுத் துறையின் மூத்த ஆசிரியை. அவர் சிரிக்கவில்லை.

"ரொம்ப இனிமையான குரல்மா" என்றார் தலைவர். "ஒரே ஒரு சின்ன விஷயம். பாடினது மால்கௌன்ஸ், தாள்ல மார்வான்னு எழுதியிருக்கே. கை தவறிடுச்சுபோல. திருத்திடலாமா?"

மால்கௌன்ஸ் என்றால் கர்நாடக சங்கீதத்தில் ஹிந்தோளம். குழந்தைகூடத் தூங்கிவிடும். நான் ஏன் அதைப் பாடப் போகிறேன்?

"நான் பாடினது மார்வாதான் சார்."

அவர் மேசையில் இருந்த ஸ்பீக்கரைத் தட்டினார். என் குரல் வந்தது. என் குரலேதான். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் நின்ற பிறகு நான் எடுத்த அதே முதல் மூச்சு. அடியில் தம்புரா ஆறு கட்டையில், குளிப்பாட்டிப் பவுடர் போட்ட குழந்தை மாதிரி ஒலித்தது. மார்வாவின் ரியை ஸா என்று வைத்துக்கொண்டால், பழைய ஸாவைத் தவிர மீதி ஸ்வரங்கள் வரிசையாகப் போய் மால்கௌன்ஸில் உட்கார்ந்துவிடும். பாடப்புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதிய விஷயம். என் வாழ்க்கையிலேயே வந்து நடக்கும் என்று நினைக்கவில்லை.

"மால்கௌன்ஸா இருந்தா எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் கண்ணாடி மேடம். "அந்த ராகத்துக்கு மத்யமம்தான் ராஜா. நீ ராஜாவைப் பாக்காத மாதிரியே தாண்டித் தாண்டிப் போறே. ஏன்? அப்புறம், நாலு இடத்துல குரலை யாரோ முடியைப் பிடிச்சுத் தூக்கின மாதிரி இருக்கு. மனுஷத் தொண்டை அப்படிப் போகாது."

"விடுங்க மேடம், பதட்டம்" என்றார் தலைவர். "ஏம்மா, கை தவறித்தானே எழுதினே? ஆமான்னு சொல்லு, முடிச்சுடலாம்."

ஆமாம் என்று சொன்னால் போதும். ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிடலாம். அந்த ஒரு வார்த்தை வாய் வரை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். வந்ததும், அந்த மால்கௌன்ஸைக் காலம் முழுக்க நான்தான் பாடினேன் என்று சொல்லிக்கொண்டு திரிய வேண்டியிருக்கும் என்பது உறைத்தது.

"இல்ல சார். தம்புராவைத் தப்பா சேத்திருக்காங்க. எங்க அண்ணன்."

"அண்ணன் சங்கீதக்காரரா?"

"மைக் செட் வாடகைக்கு விடறான்."

தலைவர் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, சும்மா சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நிமிஷம் முன்னால் அவனைக் கழுத்தைத் திருகிக் கொல்ல நினைத்தவளும் நான்தான்.

"சிரிக்காதீங்க சார். அவன் காதுல ஒரு தப்பும் இல்ல. நான் எங்கே நின்னேனோ அந்த இடத்தைச் சரியாத்தான் கண்டுபிடிச்சான். அது வீடு இல்லைன்னுதான் அவனுக்குத் தெரியல."

"ஏன் தெரியல?" என்றார் மேடம்.

"அவன் படிக்கல மேடம்."

"அவர் படிக்காததாலயா, நீ காட்டாததாலயா?"

மேடம் என் விண்ணப்பத் தாளை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"மார்வாவுல ஸாவை ஒளிச்சு வைக்கணும். தொலைச்சுடக் கூடாது. தம்புரா இல்லாமக் கேட்டாக்கூட, வீடு அங்கே இருக்கு, இவ போகாம நிக்கறான்னு கேக்கறவனுக்குத் தெரியணும். நீ வீடே வேண்டாம்னு வீம்பா நின்னிருக்கே. அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு? நீ நிக்கற இடம்தான் வீடுன்னு நெனச்சு அங்கேயே ஒரு பந்தல் போட்டுக் குடுத்துட்டாரு."

மேடம் கதவுப் பக்கம் பார்த்தார்.

"அண்ணன் எங்கே?"

"வெளியில. வண்டியில."

"கூப்பிடு. நீ தம்புரா இல்லாம இப்ப பாடு. எந்தக் கட்டைன்னு நான் உன் காதுல மட்டும் சொல்றேன். அவர் இங்க இருக்கற தம்புராப் பெட்டியைத் திருப்பட்டும். ஸாவுல கொண்டுவந்து வச்சாருன்னா நீ பாடினது மார்வா, வேலைக்கு நான் கையெழுத்துப் போடறேன். மறுபடியும் ரியில வச்சாருன்னா, ஸாரிமா. சாயங்கால ராகத்தைக் காலையில பாடச் சொல்றேன், அதுக்கும் சேத்து ஸாரி."

அண்ணன் கையில் ஒயரும் டெஸ்டருமாக ஓடி வந்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு நிலைக்கதவு ஓரமாகவே நின்றான். "என்ன சார், மைக் வேலை செய்யலையா?"

"மைக் நல்லா இருக்கு" என்றார் தலைவர், இந்தத் தடவை சிரிப்பை அடக்கிக்கொண்டு. "உங்க தங்கச்சி பாடுவாங்க. சுருதி எதுன்னு நீங்க கண்டுபிடிங்க. பெட்டிச் சத்தம் உங்க காதுல மட்டும் கேக்கும். சரின்னு பட்டதும் ஹெட்போன் ஒயரை உருவிடுங்க."

"அவ்வளவுதானே? இவ சுருதி எனக்குத் தூக்கத்துலகூடத் தெரியும் சார்." என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். உள்ளே மட்டும் வரவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்த நிலைக்கதவிலேயே சாய்ந்து நின்றான்.

மேடம் என் காதருகே மெல்ல முனகினார். ஐந்து கட்டை. நான் என்றைக்குமே பாடாத சுருதி.

நிஷாதத்தில் எடுத்து, ரிஷபத்துக்கு ஏறி நின்றேன். பழக்கதோஷம். நின்றால் நிற்பேன். அண்ணனின் விரல் திருகில் ஓடி, ஒரு இடத்தில் நின்றது. முகம் மலர்ந்தது. கண்டுபிடித்துவிட்டானாம். அடுத்த நொடி ஒயரைப் பிடுங்கிவிடுவான். மூச்சு எடுக்கவே நேரமில்லை. காந்தாரத்துக்குப் போய், தீவிர மத்யமத்தைத் தொட்டுத் தைவதத்தில் நின்றேன்.

அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தேன். உள்ளே நாற்காலி காலியாக இருக்கிறது. வா என்றால் வருவான். வராமல் நிலைக்கதவில் நிற்கிறான், முகம் மட்டும் இந்தப் பக்கம். எத்தனை வருடமாக இப்படி நிற்கிறான்? என் கல்லூரி விழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட வந்தவன்கூட, நான் மேடையேறியபோது கதவுக்கு வெளியே ஒயரைச் சுருட்டிக்கொண்டுதான் நின்றான். நான் வாசலில் நின்றதற்கு உலகத்தின் மேலெல்லாம் கோபப்பட்டேன். இவன் நின்றதற்கு யார் மேலும் கோபப்படவில்லை, என்னையும் சேர்த்து.

திரும்ப ரிஷபத்துக்கு இறங்கினேன். ஸ்வரம் அதேதான், அரை இழைகூட மாறவில்லை. ஆனால் கடையில் பாடியபோது ஸாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன். இப்போது அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே விளக்கு எரிவது தெரிகிறது, பேச்சுச் சத்தம் கேட்கிறது, போகவில்லை. ரியிலிருந்து குரலைக் கொஞ்சம் சாய்த்து, ஸாவின் வாசலை உரசிக்கொண்டே நிஷாதத்துக்கு இறங்கி, மறுபடி ரிக்கு வந்தேன்.

அண்ணனின் முகம் சுருங்கியது. தலையைச் சாய்த்தான். ஒரு கையால் ஹெட்போனை அழுத்திக்கொண்டான். ஆம்ப்ளிபயரில் எங்கோ ஒரு ஒயர் விட்டிருக்கிறது என்று தெரிந்து, எது என்று தெரியாதபோது வைத்துக்கொள்கிற முகம். விரல் திருகில் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

நான் கீழ்த் தைவதத்தில் நின்றேன். மூச்சு முடியப் போகிறது. ரி, நி, த என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது அவன் ஒயரை உருவினான்.

தம்புரா அறை முழுக்கப் பரவியது. அந்தச் சத்தத்தின் மேலேயே போய் ஸாவில் உட்கார்ந்தேன். உரசலே இல்லை. ஐந்து கட்டை, சுத்தம்.

"அடிப்பாவி!" என்றான் அண்ணன், எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்து. "இவ்வளவு நேரமா வாசல்லயேவா நிக்க வச்சே!"

கண்ணாடி மேடம் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். தலைவருக்கு மட்டும் ஒரு ஆசை மிச்சம் இருந்தது. "சரி, நியாயமாச் சொல்லுங்க தம்பி. நீங்க சேத்து அனுப்பினது நல்லா இருந்ததா, இதுவா?"

என் வேலைக்கு வேட்டு வைக்க அவனுக்கு இன்னொரு சந்தர்ப்பம். யோசிக்கக்கூட இல்லை அவன்.

"அதுதான் சார் நல்லா இருந்துச்சு. கேட்டா சுகமா இருந்துச்சு. இது தலைவலி." ஹெட்போனைக் கழற்றினான். "ஆனா இதுதான் சார் இவ. இவகூட இருக்கறதும் இப்படித்தான். தலைவலிக்கும், எழுந்து போகவும் மனசு வராது."

மேடம் பேனா மூடியைத் திறந்தார். "அடுத்த மாசம் முதல் தேதி வந்து சேரு. நீ ஸாவுக்கு வரவே மாட்டேங்கறே, அதை மட்டும் தினம் உக்காந்து பாடு."

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு ஆரம்பித்தேன். ஆறு கட்டையிலிருந்து மத்யமம் வரை ஒன்றையும் விடவில்லை. பாதி வழியில் அவன் மெதுவாகக் கேட்டான்.

"அப்ப நான் தூக்கிவிட்ட அந்த நாலு இடம்?"

"அதுதான்டா ஸா."

சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"நான் நீ தப்பா பாடிட்டேன்னு நெனச்சேன். வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம்னு..."

"தெரியும். வண்டியை எடு."

"பழைய பதிவு கடையில இருக்கு. நாலையும் இறக்கி வச்சுடட்டா?"

"ஒண்ணும் வேண்டாம். அப்படியே இருக்கட்டும். அம்மாவுக்குப் போட்டுக் காட்டு, நல்லாத் தூங்குவாங்க."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். மத்தியானம் வேறு இடத்துக்கு ஸ்பீக்கர் கட்டப் போக வேண்டும், நேரமாகிவிட்டது. ஆனால் என்னை இறங்கச் சொல்லாமல், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏதோ முனகினான். கட்டைக் குரல். நிஷாதம் மாதிரி ஒன்றைத் தொட்டு, ஏறி, ரிஷபத்தில் போய் நின்றான். அசல் கோமள ரிஷபம். நின்றுகொண்டே இருந்தான். என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். கீழே இறங்குகிற மாதிரியே தெரியவில்லை.

"போதும், நிறுத்து."

நிறுத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அங்கேயே போய் நின்றான்.

எனக்குத் தலைவலித்தது. எரிச்சலில் நானே ஸாவைப் பாடிவிட்டு, கதவை அறைந்து சாத்தி இறங்கினேன்.